அட்ரஸ் பாரில் ‘எல்கே’ என்று மட்டும் அடித்தால் ஏன் ஒரு தளமும் திறப்பதில்லை?

கேள்வி, பண்டாரவளையிலிருந்து. பெப்ரவரி 9, மாலை 6.12

இணையத்தில் டொட் எல்கே நம்ம இலங்கையின் பெயர். கொம் டொட் எல்கே இருக்கு, கவ் டொட் எல்கே இருக்கு. அப்போ முன்னால ஒன்றுமே இல்லாம வெறும் ‘எல்கே’ என்று அடிச்சா ஒரு தளம் திறக்க வேண்டாமா? நான் அடிச்சா கூகிள் தேடல்தான் வருது. அங்குவிலா தீவுக்காரங்களுக்கு ‘ஏஐ’ என்று ரெண்டே எழுத்தில் தளம் இருந்ததாம். நமக்கு மட்டும் பிரவுசர் தடுக்குது என்று நான் சொல்றேன். மறுக்கிறவங்க மறுக்கலாம்.

பெப்ரவரி 9, இரவு 9.40

மறுக்கிறேன். பிரவுசருக்கு எல்கே மேல் ஒரு கோபமும் கிடையாது. மேலே இருக்கிற அந்த ஒரே பெட்டியில் சனங்கள் முகவரியும் அடிப்பார்கள், ‘நாளைக்கு மழை வருமா’ என்றும் அடிப்பார்கள். எது எதுவென்று அது ஊகிக்க வேண்டும். நடுவில் புள்ளி இருக்கா, புள்ளிக்குப் பின்னால் வருவது தனக்குத் தெரிந்த பெயரா என்று பார்க்கும். ரெண்டும் சரியென்றால் முகவரி. புள்ளியில்லாத ஒற்றைச் சொல் என்றால் தேடல். ‘எல்கே’யும் ‘ரொட்டி’யும் அதற்கு ஒன்றுதான்.

ஊகிக்க விடாமல் செய்ய வழி இருக்கு தம்பி. கடைசியில் ஒரு சாய்கோடு போடு. ‘எல்கே/’. சாய்கோட்டைக் கண்டால் முகவரிதான் என்று எடுத்துக்கொண்டு நேரே பெயரைத் தேடிப் போகும். நாளைக்குக் கடை திறந்ததும் நானும் போட்டுப் பார்க்கிறேன்.

பெப்ரவரி 10, காலை 9.05

போட்டேன். தளம் திறந்தது!

அரை நிமிஷம் எனக்கே மெய்சிலிர்த்துவிட்டது. பிறகு பார்த்தால் சாம்பல் நிறப் பக்கம், இடதுபக்கம் ஒரு பெட்டிப் படம், அதன் கீழே ‘டோனர் குறைவு’. நம்ம கடை பிரிண்டர்.

மாமா கடைக்கு வைத்த பெயரின் முதலெழுத்துகள் எல், கே. போன வருஷம் பிரிண்டரை நெட்வேர்க்கில் மாட்டியபோது அதையே அதற்குப் பெயராக அடித்திருக்கிறேன். மறந்தே போச்சு. ஆக, நேற்று எழுதியதில் பாதி பிழை. சாய்கோடு தேடலைத் தவிர்க்கும், அவ்வளவுதான். அது உலகத்து எல்கேயிடம் போகும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. புள்ளியில்லாத பெயரை விண்டோஸ் முதலில் வீட்டுக்குள்தான் தேடும். ரவுட்டர் கொடுத்த பின்னொட்டைச் சேர்த்துப் பார்க்கும். கிடைக்காவிட்டால் ‘இங்கே யாரப்பா எல்கே?’ என்று அந்த நெட்வேர்க் முழுக்கக் கூவும். என் பிரிண்டர் கை தூக்கிவிட்டது.

பெப்ரவரி 10, இரவு 10.20

பிரிண்டர் பெயரை மாற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். இந்தத் தடவை ‘எல்கே./’. எல்கே, ஒரு புள்ளி, பிறகு சாய்கோடு.

அந்தக் கடைசிப் புள்ளி அச்சுப்பிழை இல்லை. எல்லா முகவரியின் கடைசியிலும் அப்படி ஒரு புள்ளி இருக்கு, நாம் அடிப்பதில்லை. பெயர் இங்கேயே முடிகிறது, இதற்குமேல் பின்னொட்டு ஒட்டாதே என்று அர்த்தம். வேர் அதுதான். அதற்குக் கீழே கொம், ஓர்க், எல்கே எல்லாம். புள்ளி போட்டால் வீட்டுக்குள் தேடாமல் நேரே வேரிலிருந்து கேட்கும்.

வந்த விடை: இந்தத் தளத்தை அடைய முடியவில்லை.

உன் கேள்விக்குச் சரியான விடை இதுதான். எல்கே என்ற பெயர் இருக்கு. அதன் கீழ் இன்னின்ன பெயர்கள், இன்னின்ன சேர்வரிடம் போய்க் கேள் என்ற கணக்கெல்லாம் இருக்கு. ஆனால் அந்தப் பெயருக்கே ஒரு ஐபி இலக்கம் எழுதப்படவில்லை. அதை ஏ ரெக்கார்ட் என்பார்கள். ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெயரைச் சொல்லி, ‘அந்த வீட்டுக்கு எப்படிப் போறது?’ என்று பஸ்ஸில் கேட்டால் என்ன சொல்வார்கள்? தோட்டம் இருக்கு, நாலு டிவிஷன் இருக்கு, நாற்பது லயம், அதாவது வரிசை வீடுகள், இருக்கு. தோட்டம் என்ற பெயரில் ஒரு வீடு இல்லை.

பெப்ரவரி 11, மதியம்

அங்குவிலா கதை உண்மைதான். ‘ஏஐ’ என்ற வெறும் பெயருக்கு ஏ ரெக்கார்ட் வைத்திருந்தார்கள். அவர்கள் மட்டுமில்லை. டொங்கா, டென்மார்க், உஸ்பெகிஸ்தான் இன்னும் சிலர். டொங்காக்காரர்கள் அதில் ஒரு சுருக்க முகவரிச் சேவையே நடத்தினார்கள். டொங்காவின் ரெண்டெழுத்து, புள்ளி, சாய்கோடு, பிறகு நாலைந்து எழுத்து. உலகத்திலேயே சின்ன சுருக்க முகவரி அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அதை வட்ஸ்அப்பில் அனுப்பினால் முகவரி என்று யார் நம்புவது?

2013 டிசம்பரில், இணையம் எப்படி வேலை செய்யுது என்று எழுதி வைக்கிற ஆவண வரிசையில், ஆர்எஃப்சி 7085 என்று ஒன்று வந்தது. கொம், எல்கே மாதிரி கடைசியில் வருகிற உயர்நிலைப் பெயர்களில் எவையெவை ஏற்கெனவே புள்ளியில்லாமல் வேலை செய்கின்றன என்ற பட்டியல். அந்த வருஷம் இது பெரிய சண்டை. புதுப் பெயர்கள் வரிசையில் நின்ற காலம். தேடல் என்ற அர்த்தத்தில் ‘சேர்ச்’ என்ற பெயரைப் புள்ளியில்லாமல் பயன்படுத்த கூகிள் கேட்டது. இணையக் கட்டமைப்புச் சபை, இது தீங்கு என்று அறிக்கை விட்டது. ஆகஸ்ட் மாதம், இணையப் பெயர்களை நிர்வகிக்கிற ஐகேன் கூடாது என்று முடித்துவிட்டது.

என் பிரிண்டர் கதையைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், காரணம் புரியும். ஒரு ஒஃபிசில் ‘மெயில்’ என்று அடித்தால் உள்ளே இருக்கிற மெயில் சேர்வர் திறக்கும். நாளைக்கு எவனோ ‘மெயில்’ என்ற உயர்நிலைப் பெயரை வாங்கிக் கதவு வைத்துவிட்டால்? அதைவிட மோசம், பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் புள்ளியில்லாத பெயரைக் கண்டாலே ‘நம்ம வீட்டு ஆள்’ என்று கூடுதல் நம்பிக்கை வைக்கும்.

ஆனால் ஐகேன் தடை கட்டுவது அவர்களோடு ஒப்பந்தம் போட்ட பொதுப் பெயர்களைத்தான். ரெண்டெழுத்து நாட்டுப் பெயர்கள் அந்தந்த நாட்டுப் பாடு. எல்கேக்கு நாளைக்கு ஒரு ஏ ரெக்கார்ட் எழுத வேண்டும் என்றால் எழுதலாம். எழுதினாலும் உன் பிரவுசர் தேடலுக்குத்தான் போகும் தம்பி, சாய்கோடு போடாதவரை.

பெப்ரவரி 11, இரவு

அங்குவிலாவை ஏழைத் தீவு என்று நினைத்து யாரும் பரிதாபப்பட வேண்டாம். சனத்தொகை சுமார் 16,000. பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்கள் சிலதைக் கூட்டினால் வருகிற ஆட்கள். 2023இல் டொட் ஏஐ பெயர்கள் விற்றதில் மட்டும் ஏறக்குறைய 3 கோடி 20 லட்சம் அமெரிக்க டொலர், அரசாங்க வருமானத்தில் ஐந்தில் ஒன்றுக்கு மேல். நாட்டுக்கு ரெண்டெழுத்து ஒதுக்கிய காலத்தில் செயற்கை நுண்ணறிவை யார் கண்டது. நமக்கு எல், கே வந்தது. என் பிரிண்டருக்குத்தான் பொருந்துது.

பெப்ரவரி 12

ஒரு சின்ன விஷயம். என் தங்கச்சி இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் அடிக்கிறவள். நேற்று ‘சரி’ என்று அடித்து, புள்ளி வைத்து, இடம் விடாமல் ‘மா’ என்று முடித்திருக்கிறாள். என் ஃபோனில் அந்தச் சொல் நீலமாகி அடிக்கோடு வந்துவிட்டது. ‘எம்ஏ’ மொரோக்கோவின் பெயர்.

அதே மாதிரி ‘பா’ பனாமா. ‘லா’ லாவோஸ். ‘வாப்பா’, ‘போம்மா’ என்று பேசுகிற சனத்துக்கு உலகமெல்லாம் முகவரிதான்.

பெப்ரவரி 14, இரவு 11.15

தலவாக்கலையிலிருந்து ஒரு டீச்சர் கேட்கிறார், “புள்ளி வைத்தால் என்ன, விட்டால் என்ன, கூகிளே கொண்டுபோய் விடுதே, இதில் என்ன பிரச்சினை?” என்று. சொல்றேன் டீச்சர். சொல்ல வெட்கமாத்தான் இருக்கு.

ரெண்டு வருஷம் முந்தி. கடையில் ரெண்டு கம்பியூட்டர். வாசல் பக்கத்து மெஷினில்தான் நான் விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுப்பது. அதன் கீபோர்டில் எவனோ தேத்தண்ணியைக் கொட்டிவிட்டான். துடைத்தேன், வேலை செய்தது. புள்ளிக் கட்டை மட்டும் பாதி நேரம் இறங்காது. அழுத்தினால் மெத்தென்று ஒரு சத்தம், திரையில் ஒன்றும் வராது. பழகிய கை, திரையைப் பார்க்காமல் அடித்துவிட்டு என்டர் தட்டும். புள்ளியில்லாமல் ஒட்டிக்கொண்டு போன முகவரிகள் எல்லாம் தேடலாகிவிடும். நான் கவனிக்கவே இல்லை, ஏனென்றால் டீச்சர் சொல்கிற மாதிரி முதல் விடையைத் தட்டினால் வேண்டிய இடத்துக்குத்தான் போகும். பெரும்பாலும்.

மூன்றாம் நாள் ஒரு அக்கா வந்தார். கொழுந்தெடுத்துவிட்டு நேரே, இடுப்பில் கட்டிய படங்கோடு. மகனுக்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அரசாங்கப் படிவம், இலவசம். முகவரி அடித்தேன், முதல் விடையைத் தட்டினேன், நிரப்பினேன், கடைசியில் 1,500 ரூபா கேட்டது. கட்டணம் வந்துட்டுதாக்கும் என்று என் கார்ட்டிலேயே கட்டி, அக்காவிடம் வாங்கிக்கொண்டேன். அந்தக் காசை அவர் முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்த்த விதம் இன்னும் கண்ணில் நிற்குது.

அது விளம்பரம். பெயரும் நிறமும் அரசாங்கத் தளம் மாதிரியே. இலவசப் படிவத்தை ‘நிரப்பித் தருகிற’ யாரோ ஒரு இடைத்தரகர். மேலே முகவரியைப் பார்த்திருந்தால் கடைசியில் எல்கேயே இல்லை என்று தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் கீபோர்டைத் திருப்பிப் போட்டு அந்தக் கட்டையைக் கழற்றினேன். அடியில் சீனிப் பாகு காய்ந்து, ஒரு துண்டு ரொட்டி. மறுநாள் அக்காவைத் தேடிப்போய்க் காசைத் திருப்பிக் கொடுத்து, சரியான தளத்தில் மறுபடி நிரப்பினேன். புதுக் கீபோர்டு 1,850. மொத்தம் 3,350 ரூபா, ஒரு புள்ளிக்கு.

பெப்ரவரி 15, காலை

மேலே எழுதியதைப் பார்த்துவிட்டு ஒருவர், ‘புள்ளியை விட்டதுதான் பிரச்சினையா, ஒரு எழுத்தை விட்டாலும் அப்படித்தானே?’ என்று. ஆமாம். கெமரூன் நாட்டின் ரெண்டெழுத்து சி, எம். கொம் அடிக்கும்போது ஓ விழாவிட்டால் கெமரூனில் இருப்பீர்கள். 2006இல் அவர்கள் அந்த நாட்டுப் பெயரின் கீழ் பதியப்படாத எல்லாப் பெயருக்கும் ஒரே விளம்பரப் பக்கத்தைக் காட்டும்படி வைத்தார்கள். உலகம் முழுக்க அடிக்கிற அடிபிசகு அவர்களுக்கு வருமானம்.

பெப்ரவரி 15, இரவு 10.50

ரெண்டெழுத்து என்றதும் பழைய காயம் ஒன்று. நீளமாகப் போகும்.

2006இல் நான் கொழும்பில் ஒரு சின்ன வெப் டிசைன் இடத்தில் வேலை. மூன்று பேர், ஒரு ஃபேன். வாடிக்கையாளர் வெளிநாட்டுக்காரர். அவருக்கு ஒரு ஆசை, பெயர் எவ்வளவு சின்னதோ அவ்வளவு கௌரவம் என்று. ரெண்டெழுத்துப் பெயர், புள்ளி, ரெண்டெழுத்து நாடு. மொத்தம் ஐந்தே குறி. அதற்கு அவர் கொடுத்த விலையில் அன்றைக்கு ஹட்டனில் ஒரு ஓட்டோ வாங்கியிருக்கலாம்.

தளம் முடிந்தது. லொகின் போட்டால் ஃபயர்ஃபொக்ஸில் உள்ளே போகுது. இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் பாஸ்வேர்டைச் சரியாகத்தான் அடிக்கிறோம், பக்கம் ஒரு தடவை கண்ணைச் சிமிட்டி மறுபடி லொகினுக்கே வருது. பிழைச் செய்தி கிடையாது. அந்த நாளில் சனங்கள் பத்துப் பேரில் எட்டுப் பேராவது எக்ஸ்புளோரர்தான் வைத்திருந்தார்கள், ஆக தளமே இல்லாத மாதிரி. மூன்று நாள். முதல் நாள் என் கோடில் பிழை தேடினேன். ரெண்டாம் நாள் சேர்வர் நேரம் பிழையோ என்று பார்த்தேன். மூன்றாம் நாள் அதே கோடை எங்கள் சோதனைத் தளத்தில் போட்டேன், நீளப் பெயர், டொட் கொம். எக்ஸ்புளோரரில் அப்படியே வேலை செய்தது! பெயரில்தான் பிழை என்று யாருக்குத் தோன்றும்?

எக்ஸ்புளோரருக்குள் ஒரு விதி இருந்தது. நாட்டுப் பெயர் ரெண்டெழுத்து, அதற்கு முன்னால் இருப்பதும் ரெண்டெழுத்து என்றால், அது இங்கிலாந்தின் ‘கோ டொட் யூகே’ மாதிரி ஆயிரம் பேர் குடியிருக்கிற பொது முற்றம் என்று முடிவு கட்டிவிடும். பொது முற்றத்துக்குக் குக்கி வைக்க விடாது. குக்கி என்பது, லொகின் செய்தவர் யார் என்று நினைவு வைக்கத் தளம் பிரவுசரில் விட்டுவைக்கிற சின்னக் குறிப்பு. விட்டால் அந்த முற்றத்தில் இருக்கிற எல்லாத் தளமும் ஒன்றின் குக்கியை ஒன்று படிக்கலாம் அல்லவா. எண்ணம் நல்லதுதான். நாட்டு விவரம் தெரியாமல் எழுத்தை எண்ணி ஊகித்தார்கள், அதுதான் கோளாறு. எங்கள் வாடிக்கையாளர் காசு கொட்டி வாங்கிய தனி வீட்டைப் பொது முற்றம் என்று நினைத்துவிட்டது.

தீர்வு ஒரே வரி. குக்கி வைக்கும்போது ‘இந்த டொமைன் முழுக்கச் செல்லும்’ என்று நான் எழுதியிருந்த பகுதியை அழித்தேன். அப்படி எழுதாவிட்டால் குக்கி எந்தப் பெயரில் வந்ததோ அந்த ஒரே பெயருக்கு மட்டும். அதை எக்ஸ்புளோரர் ஏற்றுக்கொண்டது. பிறகு டபிள்யூ டபிள்யூ டபிள்யூ போட்டு லொகின் செய்தவர், போடாமல் வந்தால் வெளியே நிற்பார். அதற்கு எல்லாரையும் ஒரே பெயருக்குத் திருப்பிவிட இன்னொரு அரை நாள். முதலாளி, ‘மூணு நாளா ஒரு வரிய அழிச்சியா?’ என்றார். ஆமாம் சேர்.

பெப்ரவரி 16

எக்ஸ்புளோரரை மட்டும் திட்டியது நியாயமில்லை என்று காலையில் தோன்றியது. அதற்கு முந்தியே, நெட்ஸ்கேப் என்ற பழைய பிரவுசர்க்காரர்கள் குக்கியைக் கண்டுபிடித்தபோது எழுதிய விதி இன்னும் வேடிக்கை. கொம், நெட், ஓர்க், கவ், எடு, மில், இன்ட் ஏழுக்கும் குக்கி டொமைனில், முன்னால் வைக்கிற புள்ளியையும் சேர்த்து, ரெண்டு புள்ளி போதும். மற்ற எல்லாருக்கும் மூன்று வேண்டும். அதாவது உலகத்து நாடுகளெல்லாம் இங்கிலாந்து மாதிரித்தான் பெயர் வைக்கும் என்று ஒரு நினைப்பு.

நம்ம எல்கேயையே எடுத்துக்கொள்ளுங்கள், எந்த எண்ணிக்கையும் எடுபடாது. நேரே எல்கேயின் கீழும் பெயர் வாங்கலாம். அதே நேரம் கொம், கவ், ஏசி, எஸ்சிஎச் என்று பொது முற்றங்களும் இருக்கு. பல்கலைக்கழகங்களுக்கு ஏசி, ரெண்டெழுத்து. பள்ளிக்கூடங்களுக்கு எஸ்சிஎச், மூன்று. ஹோட்டல்களுக்கு ‘ஹோட்டல்’ என்றே ஒன்று, இங்கிலீஷில் ஐந்து எழுத்து. நுவரெலியாவில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் ‘ஹோட்டல் டொட் எல்கே’ முழுக்கச் செல்லும் என்று ஒரு குக்கி வைக்க முடிந்தால், எல்ல ஊர்ப் பக்கம் இன்னொருவன் தளம் அதைப் படிக்கும். எழுத்தை எண்ணி இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்டுபிடிக்க முடியாது. அதனால் கையால் எழுதி வைத்துவிட்டார்கள். மொசில்லா ஆரம்பித்த பொதுப் பின்னொட்டுப் பட்டியல், வெறும் டெக்ஸ்ட் ஃபைல், நாடு நாடாக. எல்கேக்குக் கீழே ஒரு டசனுக்கு மேல் வரிகள், ஹோட்டலும் அதில் உண்டு. குரோம், ஃபயர்ஃபொக்ஸ், சஃபாரி எல்லாம் இதைத்தான் பார்க்கின்றன. இவ்வளவு பெரிய இணையம், கடைசியில் கணக்கப்பிள்ளை செக்ரோல் மாதிரி ஒரு பெயர் லிஸ்ட்.

முதல் நாள் ‘புள்ளிக்குப் பின்னால் வருவது தனக்குத் தெரிந்த பெயரா என்று பார்க்கும்’ என்று எழுதினேனே, குரோம் பார்ப்பது இதே பட்டியலைத்தான்.

பெப்ரவரி 19, இரவு

‘எல்கேயை விடுங்க, டொட் இலங்கை இருக்கே, தமிழில் அடிக்கலாமே’ என்று ரெண்டு பேர்.

இருக்கு. 2010இலிருந்து இருக்கு, சிங்களத்து ‘லங்கா’வோடு சேர்ந்து. பிரவுசரும் தடையில்லாமல் காட்டும். கம்பிக்குள் போகும்போது மட்டும் அது தமிழாகப் போகாது. எக்ஸ், என், ரெண்டு கோடு, அதன் பின்னால் இங்கிலீஷ் எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு கோவை. நமக்கு இ, ல, ங், கை என்று நாலே எழுத்து. பெயருக்கு ஐபி இலக்கம் தேடித் தருகிற டிஎன்எஸ்ஸில் அது 16 குறி. ரெண்டெழுத்து எல்கே எங்கே, இது எங்கே.

கடையில் நடந்ததைக் கேளுங்கள். கோயில் கமிட்டித் தலைவர், தேர்த் திருவிழாவுக்கு ஒரு பக்கம் போட வேண்டும், முகவரி தமிழில்தான் இருக்க வேண்டும் என்றார். நோட்டீஸ் அடிக்கிற தம்பியிடம் பெயரை அடித்து அனுப்பச் சொன்னேன். அவன் பாமினியில் அடித்து அனுப்பினான். பாமினி தெரியாதவர்களுக்கு: அது தமிழ் மாதிரி தெரிகிற இங்கிலீஷ். எழுத்துருவை எடுத்துவிட்டால் ‘இலங்கை’ என்பது கமா, வை, கியூ, அரைப்புள்ளி, ஐ, எஃப். வேர்டில் அழகான தமிழ். அதை அப்படியே கொப்பி எடுத்து அட்ரஸ் பாரில் ஒட்டினால் கமாவில் தொடங்குகிற ஒரு குப்பை. பிரவுசர் வழக்கம்போல் தேடப் போய்விட்டது. தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை, பாவம்.

சரி, எல்லாக் கம்பியூட்டருக்கும் பொதுவான யூனிகோடில் அடித்தோம். அடுத்த வில்லங்கம். கோயில் பெயர் ‘ஸ்ரீ’யில் தொடங்குது. நம் தோட்டத்து மாரியம்மன்களில் ஸ்ரீ இல்லாதவர் யார்? அந்த ஒரு எழுத்தை யூனிகோடில் ரெண்டு விதமாக எழுதலாம். ‘ஸ’வில் தொடங்கி எழுதுவது ஒன்று. 2005இல் ‘ஶ’ என்ற எழுத்தைச் சேர்த்த பிறகு அதில் தொடங்கி எழுதுவது இன்னொன்று. பெரும்பாலான எழுத்துருவில் கண்ணுக்கு ரெண்டும் ஒன்று. பெயராகப் பார்த்தால் வேறு வேறு. ‘கொ’வை ரெண்டு துண்டாக அடித்தாலும் பிரவுசர் ஒன்றாக்கிவிடும், ஸ்ரீயை ஒன்றாக்காது. தலைவரின் ஃபோனில் ஒரு ஸ்ரீ, என் கீபோர்டில் ஒரு ஸ்ரீ. அவர் அடித்தால் திறக்காது, நான் அடித்தால் திறக்கும் என்று ஆகும்.

‘அப்போ ஸ்ரீயை விட்டுருவமா?’ என்றேன். ‘அம்மனையே விட்டுரு, ஸ்ரீய விடாத’ என்றார். கடைசியில் இங்கிலீஷில்தான் பெயர் வாங்கினோம்.

பெப்ரவரி 20, காலை

திருத்தம். நாலெழுத்து என்றேன், அது நம் கணக்கு. கம்பியூட்டருக்கு இலங்கை ஆறு: இ, ல, ங, அதன் மேல் புள்ளி, க, கடைசியில் ஐகாரத்துக் கொம்பு. இங்கேயும் ஒரு புள்ளி தனியாக எண்ணப்படுது, பாருங்கள்.

பெப்ரவரி 23, இரவு 11.40

பண்டாரவளைத் தம்பி விடுவதாயில்லை. ‘எல்கேக்குக் கதவே கிடையாதா, ஒன்றுமே கிடையாதா?’

ஒன்று இருந்தது. ஆர்எஃப்சி 7085ஐ மறுபடி எடுத்துப் படித்தேன். அதில் ரெண்டு பட்டியல். ஏ ரெக்கார்ட் உள்ள நாடுகளில் எல்கே இல்லை. எம்எக்ஸ் உள்ள நாடுகளில் எல்கே இருக்கு! எம்எக்ஸ் என்றால் இந்தப் பெயருக்கு வருகிற மெயிலை எங்கே கொடுப்பது என்ற குறிப்பு. ஆக 2013இல் வெறும் எல்கேக்கு வாசல் இல்லை, தபால் பெட்டி இருந்தது.

பெப்ரவரி 10இல் தோட்டத்தை உதாரணம் காட்டினேன். அப்போது யோசிக்காமல் சொன்னது. இப்போது பார்த்தால் அச்சாக அதேதான். எங்கள் லயத்துக்கு முகவரி கிடையாது. பெயர், டிவிஷன், தோட்டம், தபால் ஊர், அவ்வளவுதான். பன்னிரண்டு காம்பராவில் யாருடையது என்று உறையில் எழுத இடமில்லை. தோட்டத்துப் பெயருக்குப் போக ஒரு வீடு இல்லை, ஆனால் தோட்டத்துப் பெயருக்குக் கடிதம் போட்டால் போய்ச் சேரும், ஒஃபிசுக்கு. அங்கே பையைப் பிரித்து, யாருக்காவது நினைவு வரும்போது, வேலைக்கு ஆள் கூட்டுகிற பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள்.

என் முதல் நேர்முகப் பரீட்சைக் கடிதம் அப்படித்தான் எட்டு நாள் ஒஃபிசில் கிடந்தது. கையில் கிடைத்தபோது பரீட்சை முடிந்து ரெண்டு நாள். அப்பா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘அட்ரஸ் சரியாத்தானே இருக்கு’ என்றார். சரியாகத்தான் இருந்தது.

மார்ச் 2, மாலை

இதுவரை எழுதியதற்கு எதிராகவே ஒன்று.

அட்ரஸ் பாரில் புள்ளியில்லாவிட்டால் நம்பாத அதே பிரவுசர், படிவத்தில் இருக்கிற ஈமெயில் பெட்டியில் புள்ளியில்லாமல் அடித்தாலும் ஏற்றுக்கொள்ளும். வலைப்பக்கங்கள் எழுதப்படுகிற எச்டிஎம்எல்லின் விதியே அப்படி. @ குறிக்குப் பின்னால் புள்ளி கட்டாயமில்லை. காரணமும் தப்பில்லை, ‘என்@ஏஐ’ என்று இங்கிலீஷில் நாலே குறியில் உண்மையான மெயில் முகவரி அங்குவிலாவில் இருந்ததுதான். தளத்துக்காரர் தானாக ஒரு சோதனை எழுதியிருந்தால் பிடிபடும். எழுதாவிட்டால் நேரே உள்ளே போகும்.

போன மாதம் ஒரு தங்கச்சி, நேர்ஸிங் பயிற்சிக்கு விண்ணப்பம். ‘@ஜிமெயில்’ என்றதோடு நிறுத்திவிட்டாள். சிவப்புக் கோடு இல்லை, எச்சரிக்கை இல்லை, ‘வெற்றிகரமாக அனுப்பப்பட்டது’. பதில் வரவில்லை என்று நேற்று வந்தாள். கொடுத்த பிரிண்டை எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நல்லவேளை, முடிவுத் திகதிக்கு நாலு நாள் இருந்தது, திருத்த விட்டார்கள்.

இன்றைக்கு மறுபடி நிரப்பும்போது நான் பின்னால் நின்றேன்.

‘டொட் கொம் போட்டியா?’

‘போட்டேன் அண்ணே.’

அனுப்பு என்றேன். பெட்டிக்குக் கீழே ஒரு குமிழி எழும்பியது. ஈமெயில் முகவரி சரியில்லையாம். குனிந்து பார்த்தேன், புள்ளியில்லை, கமா.